மருந்து இல்லாத கூண்டு

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். நடுவில் மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருஷம் இருக்கும். நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஏறி, ஒரு மருந்துக் கல்லூரியின் எலி அறைக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கினு இருந்தேன். கூண்டு கழுவணும், கூண்டுக்குள் பரப்பின உமியை மாத்தணும்.

அங்கே ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணிச்சு. எலியின் காலில் ஊசி போட்டு மூட்டுவாதம் வரவைக்கும். ஒரு கூண்டுக்கு மருந்து கொடுக்கும், இன்னொன்றுக்குக் கொடுக்காது. ரெண்டு வீக்கத்தையும் அளந்து பார்க்கும். எனக்கும் விரல் முட்டியெல்லாம் வீங்கும். காலையில் பிளாஸ்க் மூடியைத் திருக முடியாது. மருந்து இல்லாத கூண்டில் அதுங்க காலைத் தூக்கிக்கினு நொண்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் மோர்ச்சோற்றிலிருந்து தினமும் ஒரு கை எடுத்து அந்தக் கூண்டில் வைத்தேன். வெளிச் சாப்பாடு கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மோர் என்ன பண்ணும் என்று நினைத்தேன். அடுத்த கூண்டுக்கு வைக்கவில்லை. அதுங்களுக்குத்தான் மருந்து இருக்கே.

மூணு வாரம் கழித்து அந்தப் பொண்ணு நோட்டைப் பார்த்துக்கினே நின்றது.

“சும்மா விட்ட எலிக்கும் வீக்கம் கொறஞ்சிருக்கு ஆயாம்மா. அப்ப மருந்தால பிரயோஜனம் இல்ல. ஒரு வருஷ வேலை போச்சு.”

“சாப்டியா பாப்பா?” என்றுதான் கேட்க வந்தது.

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. மருந்து உதவாதுன்னு எழுதி முடிக்கப் போறேன் என்று அந்தப் பொண்ணு சொன்னபோதுதான் மோர்ச்சோறு வைத்ததைச் சொன்னேன்.

அது திட்டவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது.

“வயித்துல என்ன கிருமி இருக்குன்னு தெரிஞ்சு வளர்த்த எலிங்க ஆயாம்மா. அதனாலதான் உமியைக்கூட ஆவியில வேகவைச்சுத் தர்றோம். வயித்துக் கிருமி மாறினா மூட்டு வீக்கமும் மாறிடலாம்.”

“மோர்ல ஏது கிருமி? பாலை நல்லாக் காய்ச்சித்தானே உறை ஊத்தினேன்.”

“உறையே கிருமிதான்.” அழுதுக்கினே சிரிச்சது.

“இனிமே வைக்கமாட்டேன். இதுங்களையே மறுபடி அளந்துக்கோயேன்.”

“இதுங்க இனிமே கணக்குல சேராது ஆயாம்மா.”

மறுநாள் ரெண்டு கூண்டு எலியையும் மயக்க மருந்து கொடுத்து முடித்துவிட்டார்கள். கூண்டைக் கழுவினது நான்தான்.

புது எலிங்க வந்தன. அதே ஊசி. மருந்து இல்லாத கூண்டில் அதுங்களும் நொண்டின. கம்பி வழியாக என் விரலை மோந்து பார்க்கும். ஒரு பருக்கைகூட வைக்கவில்லை. உமியை மட்டும் கொஞ்சம் தடிமனாகப் போடலாமா என்று அந்தப் பொண்ணைக் கேட்டேன். எல்லாக் கூண்டுக்கும் ஒரே அளவா போடுங்க என்றது. அப்படியே போட்டேன்.

முதல் எலிங்களுக்கு வீக்கம் குறைந்தது என் மோராலயா, வேற எதனாலயான்னு அந்தப் பொண்ணுக்கே உறுதியாகத் தெரியாது. கிருமியைப் பற்றி நான் எழுதினது சரியா என்று படிச்சவங்க யாராவது பார்த்துத் திருத்துங்க.