பின்பக்கமாக இறங்கிய படிகள்

நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து மாடியிலிருந்து தூக்கி இறக்கும் தொழிலில், ஒரு கட்டடத்தை வரைந்தவர் எப்படிப்பட்டவர் என்பது பத்தாவது படிக்குள் முழங்காலுக்குத் தெரிந்துவிடும். லிஃப்ட் இல்லாத மாடிக்கு அரிசி மூட்டை சுமந்தவர்களே, கட்டிலை ஏற்றும்போது பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். நாங்கள் இரண்டு பேர். நாற்காலியை மேலிருந்து பிடிப்பவன் என் கூட்டாளி அந்தோணி. கீழே பிடிப்பவன் நான். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக இறங்க வேண்டும் என்பதால், வேலை நேரத்தில் எனக்குப் பாதம்தான் கண்.

கணக்கு டீச்சர்

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறார் பரமேஸ்வரி டீச்சர். சர்க்கரை நோயால் ஒரு கால் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். லிஃப்ட் இல்லை என்றதும் முதல் நாள் வாசலிலேயே எனக்கு அலுப்புத் தட்டியது. உள்ளே போனதும் அலுப்புப் போய்விட்டது. சாம்பல் நிற மொசைக் படிகள், அகலமாக, தாழ்வாக. படி திரும்பும் லேண்டிங்கில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைச் சுவர், வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தபடி. அதற்கு மேல் கூரை வரைக்கும் துளை வைத்த சிமெண்ட் கற்கள். வெளியே கொட்டுகிற மழையின் காற்று உள்ளே வருகிறது, மழை வரவில்லை. வெயில் வந்தால் தரையெல்லாம் வட்ட வட்டமாக வெளிச்சம்.

முக்கியமான விஷயம், எல்லாப் படியும் ஒரே உயரம். பின்பக்கமாக இறங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. நானும் அந்தோணியும் ஒன்றாகக் கால் வைக்க வேண்டும் என்பதற்காக எண்ணிக்கொண்டே இறங்குவது என் வழக்கம். கீழே வந்ததும் பெருமையாக, "முப்பத்தொன்பது படி, டீச்சர்!" என்றேன். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் விடுவாரா?

"மூணு லேண்டிங்கையும் சேர்த்து எண்ணிட்டீங்க, தம்பி. முப்பத்தாறுதான். மார்க் கிடையாது."

சுழல் படி

பழைய கடைவீடுகளின் பின்சந்தில் இரும்பிலும் சிமெண்டிலும் சுழல் படிகள் உண்டு. ஊர் பார்க்க வருகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் ரசித்திருக்கிறேன், அதில் வேலை வருகிறவரை. மாவுக்கட்டுக் காலோடு ஒருவர் மேலே நின்றார். முன்பக்கப் படி ரிப்பேர். எங்கள் நாற்காலியோ முதல் சுற்றிலேயே முட்டிக்கொண்டது. எப்படி இறக்கலாம் என்று நானும் அந்தோணியும் கீழே நின்று தீவிரமாக ஆலோசித்தோம்.

எங்கள் ஆலோசனை முடிவதற்குள் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையில் நடுத்தூண், மறு கையில் கம்பி, கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டியபடி. ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே வந்து எங்கள் முன்னால் இறங்கினார். ஒரு மனுஷன் அகலத்துக்கு எவ்வளவு கச்சிதமாக அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் பிடி இருக்கு. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு லா?"

குளத்துக்கு மேலே

சாங்கிப் பக்கம் ஒரு தனி வீடு. வீடு என்பதைவிடக் கூரை போட்ட தோட்டம் என்று சொல்லலாம். நடுவில் மாடிப்படி. ஒவ்வொரு படியும் சுவரிலிருந்து நீட்டிய ஒரு கல் பலகை, அவ்வளவுதான். தாங்குவதற்குக் கீழே ஒன்றும் இல்லை. படிக்கும் படிக்கும் நடுவே வெறும் காற்று. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். அடியில் மீன் குளம்.

இதய அறுவை முடிந்த வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். என் இரண்டு பாதங்களுக்கு நடுவே ஆரஞ்சு நிற மீன் ஒன்று போனது. அடுத்த படியைக் கால் விரலால் தடவிப் பார்த்துத்தான் பாதத்தை வைத்தேன். ஆனாலும் குளத்துக் காற்று படிகளின் இடைவெளி வழியாக ஜில்லென்று மேலே ஏறி முதுகைத் தொட்டபோது, இதை யோசித்தவருக்கு மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டேன். கீழே வந்ததும் அந்தோணி வியர்வையைத் துடைத்தான்.

"அண்ணே, இதை வரைஞ்சவருக்கு நல்லா நீச்சல் தெரிஞ்சிருக்கும்."

நாலு விரல்

போன வருஷம் எங்கள் நிறுவனத்தில் ஒரு படிவம் வந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். திரும்பும் இடத்தில் நாற்காலியின் நீளத்துக்கு மேல் ஒரு சாண் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேவை நிறுத்தம். டீச்சர் வீட்டில் டேப்பை நீட்டினேன். நாலு விரல் குறைந்தது. மூன்று தடவை அளந்தேன், சிமெண்ட் மனம் மாறவில்லை. மாதக்கணக்காக அங்கேதான் திருப்பிக்கொண்டிருக்கிறோம், ஒரு கீறல் கிடையாது. ஆனால் அதை எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை.

நான் "இல்லை" என்று குறித்தால் டீச்சர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். பொங்கோலில் மகன் வீட்டில் அறை தயார். நல்ல மகன். ஆனால் டீச்சருக்கு அந்த மூன்றாம் மாடிதான் உயிர். சனிக்கிழமை ஆனால் பிள்ளைகள் டியூஷனுக்குத் தடதடவென்று ஏறி வருவார்கள். மகனுக்குப் போன் செய்து, அந்த நாலு விரலைக் கண்டுகொள்ளாமல் விடலாமா என்று இழுத்தேன். பேனா என் கையில் இருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

"உள்ளத எழுதுங்கண்ணே. அம்மா விழுந்துட்டா அதுக்கு எந்த அளவும் கிடையாது."

தரையும் இடுப்பும்

மறுநாள் டீச்சரை இறக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். முகம் இறுகிவிட்டது. முதல் லேண்டிங்கில் நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

"எங்க அளந்தீங்க?"

"தரையில டீச்சர்."

"உங்க நாற்காலி நீளமா இருக்கிறது தரையிலயா?"

நாற்காலியைப் பார்த்தேன். சக்கரம் உள்ளே ஒடுங்கி இருக்கிறது. நீட்டிக்கொண்டிருப்பது அந்தோணி பிடித்திருக்கும் கைப்பிடி, இடுப்பு உயரத்தில். சுவரைப் பார்த்தேன். இத்தனை நாள் அழகுக்கு என்று நான் நினைத்த அந்தச் சாய்வு, அதே இடுப்பு உயரத்தில் நன்றாக வெளியே விலகி இடம் விட்டிருந்தது. டேப்பை அங்கே வைத்தேன். ஒரு சாண் சரியாக இருந்தது, மேலே இரண்டு விரல் மிச்சம். மற்ற லேண்டிங்குகளிலும் அப்படியே. முப்பத்தொரு வருஷமாகக் காய்கறிப் பையோடு அந்தச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியவருக்குத் தெரிந்தது, டேப் வைத்திருந்தவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு அளவையும் எழுதி, படமும் போட்டு அனுப்பினேன். அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். நல்ல ஆகிருதி. தானே நாற்காலியில் உட்கார்ந்து தூக்கச் சொன்னார். மூன்று தடவை தூக்கினோம். கையெழுத்துப் போட்டார். மகனும் கூடவே இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பொங்கோல் அறையில் இப்போது சைக்கிள் நிற்கிறது.

அந்தச் சுவரை ஏன் சாய்த்தார்கள் என்று பலரிடம் கேட்டேன். மழைக்கு என்றார்கள், காற்றுக்கு என்றார்கள், பையோடு வருகிறவர்கள் ஒதுங்க என்றார்கள். வரைந்தவர் பெயர் கட்டடத்தில் எங்கும் இல்லை. அங்கே திரும்பும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத மனிதரைக் கும்பிடத் தோன்றுகிறது. கையெழுத்துக் கிடைத்த பிறகு முதல் தடவை டயாலிசிஸுக்கு இறங்கியபோது லேண்டிங்கை விட்டுவிட்டுக் கவனமாக எண்ணி, "முப்பத்தாறு, டீச்சர்" என்றேன்.

"லேண்டிங்க எண்ண வேணாம்னுதான் சொன்னேன், தம்பி. தப்பா அளக்கச் சொல்லலியே!"

மாடிப்படி வரைகிறவர்கள் ஏறுகிறவரை நினைத்தே வரையட்டும், இடுப்பு உயரத்தில் ஒரு நாலு விரலை மட்டும் பின்பக்கமாக இறங்குகிறவனுக்கு விட்டுவைத்தால் போதும்.