தகட்டில் வெட்டிய முப்பத்தொண்ணு

பத்துப் பேர் முன்னால என்னைப் பொய்யன்னு சொன்னவர் எங்க அத்தான். அக்கா புருஷன். பதினாறு வருஷம் ஆச்சு, எனக்கு இன்னும் ஆறலை.

நாங்க ரெண்டு பேரும் அருங்காட்சியகப் பட்டறையில வேலை பார்த்தோம். அவர் அறுப்பார், நான் தேய்த்து மெருகு போடுவேன். ஒரு கண்ணாடிப் பெட்டியில தேவதாரு மரத்தின் வட்டத் துண்டையும் வெள்ளைச் சுறாவின் முதுகுத்தண்டுத் துண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொன்னாங்க. ரெண்டிலும் வளையம் வளையமாக இருக்கும். எண்ணி, வயசைப் பித்தளைத் தகட்டில் வெட்டணும்.

மரம் சுலபம். தொண்ணூத்து நாலு. சுறாவில் முப்பத்தொண்ணு வரை எண்ணினேன். ஓரத்தில் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கசங்கல்.

“அதுக்கு மேல தெரியலை அத்தான்.”

“தெரியலையாம்! கண்ணு எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா? வளையம் ஒண்ணுன்னா வருஷம் ஒண்ணு. மரத்துக்கு ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயமா?”

அத்தான் வாயிலிருந்து ‘தெரியாது’ வந்து யாரும் கேட்டதில்லை. வழி கேட்டால், பார்த்தே இராத தெருவுக்கும் கை காட்டுவார். போனவன் திரும்பி வந்து திட்டினால், “தெருவை மாத்திட்டானுங்க” என்பார். அதிகாரி வந்து கேட்டதும், பட்டறை ஆளுங்க எல்லார் முன்னாலயும், “எண்ணச் சோம்பல் சார், பொய் சொல்றான்” என்றார். முப்பத்தொண்ணு தகட்டில் ஏறியது. என்னைக் கழிப்பறை கழுவ மாத்தினாங்க.

ஆறு வருஷம் முன்னால அக்கா செத்த பிறகு அத்தான் அறையை விட்டு வெளியே வரலை. தின்பார், தூங்குவார், சுவரைப் பார்ப்பார். அந்த ஆறு வருஷத்தை எங்கே வெட்டிப் பார்த்தாலும் ஒரு கோடு இருக்காது. நான்தான் சாப்பாடு கொண்டு போனேன். ஒருநாள் தப்புன்னு ஒத்துக்குவார்னு ஒரு நப்பாசை.

போன மாசம் ஆராய்ச்சிக்கார அம்மா ஒருத்தங்க வந்து அந்தச் சுறாத் துண்டைச் சோதிச்சாங்க. மரம் சாகிற வரைக்கும் பருக்கும், வளையம் போடும். சுறா அப்படி இல்லையாம். வளர்ச்சி நின்னதும் வளையமும் நின்னுடலாம், அதுபாட்டுக்கு உயிரோட இருக்கும்னாங்க. அன்னிக்கே போய் அத்தானிடம் சொன்னேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“நின்ன பிறகும் உயிரோட இருக்குமாமா?”

“இருக்குமாம்.”

“எத்தனை வருஷம்?”

“தெரியலையாம்.”

தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார். அதுக்கு முன்னால என்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

“மாப்ளே, மரத்தோட தகடு இருக்கட்டும். சுறாவோடதைக் கழட்டிடு. ‘தெரியலை’ன்னு வெட்டி மாட்டு. உன் கையாலயே வெட்டு.”