படம் விடுவதற்கு முன்

டிவியில் ரயில் ஊதியதும் என் கால்கள் தாமாகச் செருப்பைத் தேடின. பழைய காதல் படம்.

சிறுவயதில் காரைக்கால் கொட்டகையில் இதைப் பார்த்தபோது, நாயகி ஸ்டேஷனில் காத்து நிற்கையிலேயே அம்மா என்னை இருக்கையிலிருந்து எழுப்பி வெளியே கூட்டிவந்துவிட்டாள். "நெடுங்காடு பஸ் போயிடும், வாடி."

டீசலும் மல்லிகையும் மணத்த பஸ்ஸில் கேட்டேன், "அவரு வந்தாராம்மா?"

"வராம எங்க போவாரு? அடுத்த ரயில்ல வந்துருப்பாரு."

பிரான்சுக்குப் போன அப்பாவின் கடிதங்கள் நின்றுபோன வருஷம் அது.

இன்றுதான் முடிவைப் பார்த்தேன். அவன் வரவேயில்லை.

"நல்லவேளை, அம்மா இதைப் பாக்கல" என்றேன், பக்கத்திலிருந்த சித்தியிடம்.

"யாரு சொன்னா? கல்யாணமான புதுசுலயே அக்கா ஒங்கப்பாவோட முழுசாப் பாத்துச்சு. ஒரே அழுகை. 'நான் ஒன்ன அப்படி விட்டுருவனா'ன்னு அவருதான் தேத்துனாரு."