முப்பதுக்கு இருபத்தெட்டு

ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதை மனத்தில் பிடித்து மலாயில் சொல்ல வேண்டும். ஒரு காலை, சாட்சி சொல்லி முடித்ததும் வாயைத் திறந்தேன். பாதி வாக்கியம் இல்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். அந்த வாரம் நான்காவது முறையாக அப்படிக் கேட்டபோது, கூண்டில் நின்ற பெண் பயந்துபோனார். தான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

"வயசாகுதுலா, எல்லாருக்கும் வர்றதுதான்," என்றார் என் கணவர் சேகரன்.

நரம்பியல் டாக்டர் நினைவுத் தேர்வு வைத்தார். ஐந்து சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கினேன்.

"பாத்தியா, என்னைவிட நல்லாத்தான் இருக்கே," என்றார் சேகரன்.

எனக்கு நிம்மதி வரவில்லை. சொற்களைப் பிடித்துவைப்பதே என் தொழில். ஐந்து சொல் எனக்குப் பெரிதில்லை. அதை டாக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

சில மாதப் பரிசோதனைகளுக்குப் பிறகு, கோலாலம்பூரில் அமிலாய்டு ஸ்கேன் (மூளையில் படியும் ஒருவகைப் புரதத்தைக் காட்டும் படம்) எடுத்தோம். புரதம் நிறையவே படிந்திருந்தது. ஆல்சைமரின் ஆரம்பக் கட்டம்.

"படத்த மட்டும் வெச்சு ஞாபகம் எவ்வளவு வேகமா குறையும்னு சொல்ல முடியாது மேடம்," என்றார் டாக்டர். "இதே அளவு இருந்தும் நல்லா இருக்கறவங்க இருக்காங்க."

"அப்ப அந்த இருபத்தெட்டு பொய்யா டாக்டர்?" என்று கேட்டார் சேகரன்.

"பொய் இல்ல சார். அவங்க கஷ்டப்பட்டுச் சமாளிச்சது அது."

கார் நிறுத்துமிடத்தில் சேகரன் வண்டியை எடுக்கவில்லை. "நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்," என்றார். அழுதேன். பயம் மட்டுமல்ல, ஆறுதலும்தான்.

வேலையை நானே விட்டேன். அதற்கு முன், கடைசி வாரங்களின் ஒலிப்பதிவுகளைச் சரிபார்க்கும்படி நீதிமன்றத்துக்கு எழுதிக்கொடுத்தேன். இரண்டு இடங்களில் சொற்களை விட்டிருந்தேன். திருத்தினார்கள்.

மதிப்பெண் நன்றாக வந்தும் மனம் உறுத்தினால், அந்த உறுத்தலையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூளைதான் நான் என்று இருந்தேன். இப்போது அதுவும் முழங்காலைப் போல உடம்பின் ஒரு பகுதி. களைத்தால் ஓய்வு கொடுக்கிறேன்.

நேற்று மாலை கடலோரம் நடக்கையில், மழை வருமா என்று சேகரன் கேட்டார். பதிலுக்கான சொல்லைத் தேடினேன். அவர் நடையைக் குறைத்துக் காத்திருந்தார். நான் சொல்லி முடித்தபோது தூறத் தொடங்கியிருந்தது.