நடுவில் உட்கார்ந்து படித்தவள்

பூச்சி அரிக்காமலிருக்க அம்மா தாள்களுக்கிடையே வேப்பிலை வைத்திருந்ததால், எங்கள் வேதப்புத்தகத்தைத் திறந்தாலே ஒரு கசப்பு வாசனை வரும். பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் எங்கள் ஊர் சர்ச்சு வாசல் மரத்தடியில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் என் அப்பாவும், அம்மாவின் தம்பியான கருப்புச்சட்டை மாமாவும் கடவுள் உண்டா இல்லையா என்று மல்லுக்கட்டுவார்கள்.

அப்பா சர்ச்சில் மணியடிப்பவர், எழுத்து தெரியாது. மாமாவுக்குத் தெரியும், ஆனால் "நீ படிச்சா உன் வசதிக்குப் படிப்படா" என்று அப்பா புத்தகத்தைத் தரமாட்டார். அதனால் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் நடுவில் உட்கார்ந்து, கேட்ட இடத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நான் படித்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம்.

அப்பா சின்ன வயதில் "ஆண்டை" வீட்டில் "படியாளாக"க் கட்டுண்டு கிடந்து, அதை உதறிவிட்டு சர்ச்சுக்கு வந்தவர். ஒரு ஞாயிறு மாமா அடிமைத்தனத்தைப் பற்றிக் கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடிமைன்ற பேச்சே எங்க வேதத்துல கெடையாது மச்சான். இருந்தா அடுத்த வாரம் உன் கருப்புச்சட்டைய மாட்டிகினு மணியடிக்கிறேன்!" என்றார், ஊரே கேட்க.

மாமா இடத்தைச் சொன்னார். எடுத்துப் பார்த்தால், அடிமைகளை விலைக்கு வாங்கலாம் என்றே இருந்தது. நான் மாற்றிப் படித்திருந்தால் மாமாவாலும் மறுத்திருக்க முடியாது. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்ததை இருந்தபடியே படித்தேன்.

"இன்னா மாமா, வாய் அடைச்சிக்கிச்சா?" என்று மாமா சீண்டினார்.

"எம் பொண்ணு படிச்சா சரியாத்தான் இருக்கும். சட்டைய தொவைச்சி எடுத்துனு வா," என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு, பாதிரியார் முறைக்க, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்க, இறுக்கிப் பிடித்த கருப்புச்சட்டையில் அப்பா ஒரு அடி குறைக்காமல் மணியடித்தார். பிறகு மாமாவிடம் வந்து, "அந்த வரிய எழுதினவன் படியாளா இருந்திருக்க மாட்டான். என்னைப் பாயில சமமா ஒக்கார வெச்ச சாமிய நான் வுடமாட்டேன், போடா," என்றார்.

"பித்தானைப் பாத்து கழட்டு மாமா, கிழிஞ்சிடப் போவுது," என்றார் மாமா.

அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அங்கே இப்போது கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. ஷிப்ட் முடிந்து வரும் பேரன் இதே வாதத்தைப் போனில் பார்க்கிறான். அதில் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்துகிறார்கள்.

"நடுவுல யார்ரா படிக்கிறது?" என்று கேட்டேன்.

"அவங்கவங்களே படிச்சிக்கிறாங்க ஆயா."

ரெண்டு பக்கமும் நம்பின வாய் இதுதான் என்று என் வாயைத் தொட்டுக்காட்டி அவனிடம் சொன்னேன்.