எதிர் அறை

எங்கள் கூட்டத்தில் அவளை ஊசிக்காரி என்போம். பெயர் கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் பார்க்கிற வேலையே பெயராகிவிடும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். நான் ஒரு விடுதியில் துணி துவைக்கிறவள். ஆனால் என்னை யாரும் துணிக்காரி என்று கூப்பிட்டதில்லை. வாயாடி என்றுதான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பழைய பள்ளிக்கூடத்தின் மாடியில் கூடுவோம். நடுவில் நடை, இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறை. இடப்பக்கம் குடியை விட முயல்கிறவர்கள், எல்லோரும் ஆண்கள். வலப்பக்கம் அப்படிப்பட்டவர்களோடு குடித்தனம் நடத்தி நொந்துபோன நாங்கள், எல்லோரும் பெண்கள். என் வீட்டுக்காரர் இடப்பக்கம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்காமல் ஈரல் கெட்டுச் செத்தார். அவர் போன பிறகும் எனக்குத் திட்டு மிச்சம் இருந்தது. அதனால் நான் வருவதை நிறுத்தவில்லை.

ஊசிக்காரி முதல் நாள் வந்தபோது நடையில் வெகுநேரம் நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான்தான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"அங்க என்னம்மா பார்வை? நம்ம ரூம் இது," என்று உள்ளே அழைத்து வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன்.

ஏழு மாதம் வந்தாள். குறைவாகத்தான் பேசுவாள், பேசினால் எங்களுக்கு வயிறு பற்றி எரியும். அவர் மாவு டப்பாவுக்குள் பாட்டிலை ஒளித்து வைக்கிறார் என்றாள். எந்த ஆண்பிள்ளை மாவு டப்பாவைத் திறந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளியிலிருந்து பாப்பாவை அழைத்துவர மறந்துவிட்டார், பிள்ளை இருட்டும்வரை வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்தது என்றாள். நான்காவது மாதம், கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரம் அவர் கை தவறிப் பாப்பாவின் தோளில் கொட்டிவிட்டது என்று சொல்லி அழுதாள். அந்த நேரம் நீ எங்கே இருந்தாய் என்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை.

"பிள்ளைய அந்த ஆள்கிட்ட விடாத. யார் வீட்லயாவது கொண்டுபோய் விடு," என்றேன்.

மறுவாரமே பாப்பாவை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். குடி நின்றால்தான் பிள்ளை திரும்பி வரும் என்று நாத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். நாங்கள் கைதட்டினோம். அவள் தலை குனிந்தே இருந்தது.

அதன்பிறகும் வாராவாரம் அதே கதைதான். என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தேடிப் போனேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதையெல்லாம் பார்க்கிற ஆளா நான்?

"நீயெல்லாம் ஒரு அப்பனா? பெத்த பிள்ளை தோளை வேக வெச்சுட்டு இங்க வந்து கண்ணாடி மாட்டுறியா? உன் பொண்டாட்டி ஏழு மாசமா எங்ககிட்ட வந்து அழறா!"

அவன் ஒரு சட்டத்துக்குள் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தான். அப்போதும் விரல் இம்மியும் நடுங்கவில்லை. இருபது வருஷம் ஒரு குடிகாரனோடு வாழ்ந்தவளுக்கு அந்த விரலே எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். கோபம் கண்ணை மறைத்தது.

"உங்க கூட்டம்னா... எந்த ரூம்ங்க?" என்று மட்டும் கேட்டான்.

"குடிகாரன் பொண்டாட்டிங்க ரூம். உனக்கு எதிர் ரூம். மானம் இருந்தா வா."

அடுத்த ஞாயிறு வந்தான். நேராக இடப்பக்கம் போனான். ஊசிக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெயில் என்று இரண்டு கதவும் திறந்தே இருந்தன; அவன் எழுந்து நின்று பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான் குடிக்கிறவன். நிறுத்தணும்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தொடையில் தட்டினேன். "பாத்தியா? நறுக்குனு நாலு வார்த்தை கேட்டேன், வந்துட்டான்!"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவர் குடியத் தொட்டதே இல்லக்கா," என்றாள். "உண்மை தெரிஞ்சா நீங்க என்னை அனுப்பிடுவீங்க, நான் எங்கயும் போகாம வீட்லயே குடிச்சுக் கெடப்பேன்னு பயந்துட்டார். அதான் அப்படிச் சொல்றார்."

எழுந்து நடையைக் கடந்து போனாள். எதிர்க் கதவருகே உட்கார்ந்திருந்த மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்து மரியாதையாகத்தான் சொன்னார்.

"அம்மா, வீட்டுக்காரங்களுக்கு எதிர் ரூம்."

"அங்கதான் ஏழு மாசமா உக்காந்திருந்தேன். குடிக்கிறது நான்."

அவள் கணவன் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். எங்கள் அறையில் முணுமுணுப்பு கிளம்பியது. எப்படி நடித்திருக்கிறாள் பார், இனி இவளை உள்ளே விடக் கூடாது என்றார்கள். வேறு நாளாக இருந்தால் என் குரல்தான் முதலில் எழுந்திருக்கும்.

முதல் நாள் நடையில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடப்பக்கக் கதவைத்தான். கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தவள் நான். பாப்பாவின் தோள் வெந்தது அதற்கு நான்காவது மாதம்.