மிச்சமான இரண்டு சொற்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டைக்குப் போயிருந்தேன். ஒரு நண்பரைப் பார்க்க. போக வேண்டிய நாளில் போகாமல், எல்லாம் முடிந்த பிறகு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து யோசித்ததால் வந்த வினைதான் இது.

எனக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம் உண்டு என்று வாராவாரம் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும். நேரடியாகக் கேட்கிற சாதாரணக் குறுக்கெழுத்து அல்ல. பூடகமாகக் குறிப்பு கொடுத்து மண்டையைக் காய வைக்கிற ரகம். உதாரணத்துக்கு ஒன்று: 'முருகன் ஆயுதத்தை எடுத்து நகர், கோட்டை வரும் (3)'. முருகன் ஆயுதம் வேல். நகர் என்றால் ஊர். சேர்த்தால் வேலூர். கோட்டை இருக்கிறதா? இருக்கிறது. மூன்றெழுத்தா? எண்ணிப் பாருங்கள்.

படித்தால் ஏதோ சூரசம்ஹாரம் மாதிரி தோன்றும். அதை நம்பினால் போச்சு. மேலே தெரிகிற அர்த்தத்தை நம்பாதே - இதுதான் எங்கள் கூட்டத்தின் முதல் பாடம்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டம் இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு பேர். விரிஞ்சிபுரம் பக்கம் பள்ளியில் கணக்கு எடுக்கும் மாலதி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்யும் ரஃபீக். சத்துவாச்சாரியில் நான். எங்களுக்கெல்லாம் ஞாயிறுதோறும் குறிப்பு எழுதிப் போடுகிறவர் ராணிப்பேட்டை ஜெயசீலன். ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். பகலெல்லாம் ஜெர்மனிக்காரர்களுக்கு ஈமெயில், மிச்ச நேரமெல்லாம் எங்களுக்குப் புதிர்.

அவருக்கு ஒரு குரல் உண்டு. சர்ச்சில் அவர் வேதபாடம் வாசித்தால் மைக்கை அணைத்துவிடலாம். ஒரு கல்யாணத்தில் பந்தியின் அந்தக் கோடியில் உட்கார்ந்து அவர் ரசம் கேட்டது இந்தக் கோடியில் இருந்த எனக்குக் கேட்டது.

குரூப்புக்குச் சட்டம் போட்டவரும் அவர்தான். குட்மார்னிங் கூடாது. ஃபார்வர்டு கூடாது. வாய்ஸ் மெசேஜ் கூடவே கூடாது. அங்கே வருவது குறிப்பாக இருக்க வேண்டும், அல்லது விடையும் விளக்கமுமாக இருக்க வேண்டும். குறிப்பு போட்டவர் விடை வரும்வரை வாயே திறக்கக் கூடாது. விளக்கத்தில் ஒரு சொல்கூட மிச்சம் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் அந்த விடை தப்பு.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குரூப்பில் அவரிடமிருந்து இது வந்தது:

'வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு வாங்க. பேசணும்.'

உங்களுக்கு என்ன புரிகிறது? என் வீட்டுக்காரருக்கும் அதேதான் புரிந்தது. தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மனுஷன் கூப்புட்றாரு. போய்ட்டு வந்துடேன்" என்றார். இதிலெல்லாம் நுணுக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது என்று அவரை அனுப்பிவிட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் வேலையை ஆரம்பித்தோம். ஞாயிறு வர வேண்டியது செவ்வாயே வந்திருக்கிறதே என்று மாலதிக்குச் சந்தேகம். போனஸ் என்றார் ரஃபீக். எத்தனை எழுத்து என்று போடவில்லையே என்று கேட்டேன். பதில் இல்லை. அதானே... குறிப்பு போட்டவர் வாய் திறக்க மாட்டாரே! எழுத்து எண்ணிக்கை இல்லாததுதான் இந்தத் தடவை சூட்சுமம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

புதன்கிழமை ரஃபீக், வீட்டுக்கு வெள்ளியில் வாங்குவது குத்துவிளக்கு என்றார். 'பேசணும்' எங்கே போச்சு என்று மாலதி அதை அடித்துவிட்டார். வியாழக்கிழமை குக்கரை வைத்துவிட்டு நின்றபோது எனக்குப் பளிச்சென்றது. 'வெள்ளிக்கிழமைக்குள்' - அதாவது வெள்ளிக்கிழமை என்ற சொல்லுக்குள். உள்ளே பாருங்கள், 'கி' இருக்கிறது, 'ளி' இருக்கிறது. கிளி. பேசுமா? பேசும்!

விசில் எத்தனை வந்தது என்று தெரியாமல் விளக்கம் டைப் செய்தேன். ரஃபீக் வரிசையாகக் கைதட்டல் போட்டார். மாலதி மட்டும் கணக்கு டீச்சர் புத்தியில் கேட்டார் - "வீட்டுக்கு, வாங்க... ரெண்டு வார்த்தை மிச்சமா நிக்குதே?"

அது சும்மா ஒப்புக்கு இருக்கும் என்றேன். நான்தான் சொன்னேன்.

வெள்ளி போனது. ஞாயிறு குறிப்பு வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். அவர் மனைவி எஸ்தர் எடுத்தார். தொண்டையில் கட்டி, வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகி, சனிக்கிழமை ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றார். உயிருக்குப் பயமில்லை. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

சில மாதமாகவே அவர் குரல் கம்மியிருந்தது. பண்டிகைப் பாட்டுப் பயிற்சியில் கட்டிக்கொண்டது என்று அவரே சொல்லியிருந்தார். அதை மட்டும் நாங்கள் அப்படியே நம்பினோம், பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் போனோம். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஜெயசீலன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார். வாய் திறந்து என்னவோ சொன்னார். சத்தம் வரவில்லை. பந்தியின் மறுகோடிக்குக் கேட்ட குரல்...

எஸ்தர் டீ கொண்டுவந்து வைத்தார். அவரிடம் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"செவ்வாய்லேர்ந்து வாசலையே பாத்துக்கினு இருந்தாருக்கா. போன்ல பேசுனா தொண்டை ரொம்ப வலிக்கும். நேர்ல வந்தா மெல்லமா பேசலாம்னாரு. நீங்க எழுதறத படிச்சுப் படிச்சு சிரிப்பாரு. நான் போன் போட்டுச் சொல்லிட்றேன்னு சொன்னா, விடு, ஜாலியா இருக்காங்க, கெடுக்காத, யாராவது ஒருத்தர் கண்டுபுடிப்பாங்க பாருன்னு சொன்னாரு."

கண்டுபிடித்தேன்தான். கிளி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டார். "ரொம்பப் பேஜாரா கீதுண்ணே" என்று அவரிடம் சொன்னார். ஜெயசீலன் ரஃபீக்கின் முதுகில் தட்டிக்கொடுத்தார். நோயாளி எங்களுக்கு ஆறுதல் சொன்னார் - அதுவும் சத்தமில்லாமல்.

பஸ் ஏறினால் அரை மணி நேரம். செவ்வாய் போயிருக்கலாம், புதன் போயிருக்கலாம். வியாழன் குக்கரை அணைத்துவிட்டுப் போயிருந்தால்கூட அந்தக் குரலை ஒருமுறை கேட்டிருப்பேன். இப்போது போனில் தேடிப் பார்க்கிறேன், ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட இல்லை. சட்டத்தை நாங்கள் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறோம்.

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. அன்றைக்கு என்ன சார் பேசணும் என்று இருந்தீர்கள் என்று கேட்டேன். இனி கேட்டு என்ன பயன்? ஆனாலும் கேட்டேன். ஏதாவது முக்கியமான விஷயமாக இருந்தால், மீதி நாளெல்லாம் அதைச் செய்து முடித்தாவது பாவத்தைக் கழுவலாமே என்றுதான்.

அவர் போனை எடுத்து டைப் செய்து நீட்டினார்.

'ஒண்ணுமில்ல. சும்மா பேசணும்னுதான்.'

நான் இரண்டு தடவை படித்துவிட்டு மாலதியிடம் கொடுத்தேன். மாலதி படித்துவிட்டு ரஃபீக்கிடம் கொடுத்தார். பழக்கதோஷம்... மூன்று பேருமே அதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினோம். எதுவும் இல்லை. ஒரு சொல்லும் மிச்சமில்லை.

உங்களை யாராவது வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டால் போய்விடுங்கள். எத்தனை எழுத்து என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.